ஒரு வெள்ளி நாற்பது காசு

டயர் கடை ஷட்டரைப் பாதி தூக்கியபடி
போனில் படித்தேன்.
பேச்சுவார்த்தை முறிந்தது.
கம்பெனி அறிக்கை இரண்டே வரி,
கையெழுத்திட்டவர் பட்டப்பெயர்கள் மூன்று வரி.

கெலாடி பிளாண்டேஷன்ஸ்.
ஒரு வெள்ளி நாற்பது தருகிறோம் என்று
கோலாலம்பூர்க்காரர்கள் வந்தார்கள்.
செம்பனையைப் பார்த்தார்கள், கணக்கைப் பார்த்தார்கள்,
ஊருக்குப் போய் லெட்டர் போடுகிறோம் என்றார்கள்.
நான்கு மாதம்
பெண் வீட்டார் மாதிரி காத்திருந்தோம்.
இன்று லெட்டர் வந்துவிட்டது.

நேற்று ஒரு வெள்ளி முப்பத்தொன்று.
ஒன்பது மணிக்கு எண்பத்தாறு காசு.
ஒன்பது ஐந்துக்கு எழுபத்தொன்பது.
காற்றுப்போகும் டயர் எனக்குத் தெரியும்:
சோப்புத் தண்ணீர் ஊற்றினால்
ஓட்டையைக் குமிழி காட்டிக்கொடுக்கும்.
இதில் எங்கே ஊற்ற?

ஆ செங் கோப்பிக் கடையில்
ஞானப்பிரகாசம் வாத்தியார், முப்பதாயிரம் பங்கு.
"நான் விக்க மாட்டேன். நிலம் இருக்கு.
நிலம் எங்க ஓடிப்போகும்?"
அரைவேக்காட்டு முட்டையின்மேல்
மிளகுத்தூள் தூவினார்.
தூவிக்கொண்டே இருந்தார்.

லெட்சுமிகாந்தன் மேசையைத் தட்டினான்.
"வருஷக் கூட்டத்தில நாக்கப் புடுங்கிக்கிற மாதிரி
கேக்கறேனா இல்லையா பாரு."
போன வருஷம் அவன் கேட்ட ஒரே கேள்வி,
வீட்டுக்காரிக்கும் ஒரு அன்பளிப்புப் பை கிடைக்குமா.

கிளினிக் மரகதவல்லி
ஒன்றும் பேசவில்லை.
தே ஓவைக் குடித்தாள்,
எங்கள் நான்கு பேர் பில்லையும் கட்டிவிட்டுப் போனாள்.
அப்போதுதான் தெரிந்தது
முந்தாநாளே விற்றுவிட்டாள் என்று.

என்னிடம் பன்னிரண்டாயிரம் பங்கு.
பதினாறாயிரத்து எண்ணூறு வெள்ளி என்று
காலண்டரின் பின்பக்கம் எழுதி
கலைமதியின் நர்சிங் கல்லூரிக்கு இவ்வளவு,
கம்ப்ரெஸருக்கு இவ்வளவு,
மீதி நூற்றுச் சொச்சத்துக்கும்
ஒரு வேலை ஒதுக்கி வைத்திருந்தேன்.
இரண்டு வரியில்
காலண்டர் மறுபடி காலண்டராகிவிட்டது.

மத்தியானம் இரண்டாம் டிவிஷனில்
பழ லாரி டயர் வெடித்ததென்று கூப்பிட்டார்கள்.
ஜாக்கியோடு போனேன்.
லயத்தில் மீதி பதினொரு வீடு.
பழைய பெரட்டுக் களத்தில்
அடுப்பு மூட்டி, பெரிய குண்டானில்
சர்க்கரைப் பொங்கல் கிண்டிக்கொண்டிருந்தார்கள்.

"என்ன விசேஷம்?"
"தெரியாதா? வாங்க வந்தவன் ஓடிட்டானாம்!
இனி வீட்ட யாரும் இடிக்க மாட்டாங்க.
முனியாண்டிக்கு வேண்டிக்கிட்டோம்."
அஞ்சலாட்சிக்குச் சிரிப்பு அடங்கவில்லை.
ஐஸ்கிரீம் டப்பாவில் அமுக்கி அமுக்கி வைத்துக் கொடுத்தாள்.
"இதே லயத்துல பொறந்தவன் நீ.
உனக்கும் சந்தோஷம்தானே?"

"ஆமாம்" என்றேன்.

நட்டைக் கழற்றும்போது
கண் தகரக் கூரைக்குப் போனது.
அதில் எத்தனை ஆணி என்னுடையது?
பன்னிரண்டாயிரம் பங்குக்கு
ஒரு ஆணி தேறலாம்,
துருப்பிடித்ததாய்.

ஒன்றைச் சொல்லவில்லை.
கை மாறினால் குடியிருப்பவர்களுக்கு ஆறு மாத நோட்டீஸ் என்று
முதல் அறிக்கையிலேயே,
பதினேழாம் பக்கத்தில், பொடி எழுத்தில் இருந்தது.
கண்ணாடி போட்டுப் படித்தேன்.
படித்த பிறகுதான்
கடைசி இரண்டாயிரத்தை வாங்கினேன்.

லாரி கிளம்பியது.
கூலி வாங்க மறந்து
பாதி வழியில் ஞாபகம் வந்தது.
திரும்பிப் போகவில்லை.

சந்தை மூடும்போது எழுபத்தாறு.
டப்பாவைத் திறந்த மனைவி கேட்டாள்,
"யார் வீட்டு விசேஷம்?"
"கம்பெனி குடுத்தது."

ஒரு வாய் போட்டுக்கொண்டு
"முந்திரி தாராளமா போட்டிருக்காங்க" என்றாள்.